வந்த நேரம்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் டைம் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்களுக்கும் அக்காதான். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு சுவர்க் கடிகாரம், மேசையை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு பதிவேடு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவதும் அதை மைக்கில் சொல்வதும் அவள் வேலை. கேட்பவர்களுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், மனிதர்கள் அதிகம் பொய் சொல்வது நேரத்தைப் பற்றித்தான் என்று.

வண்டி பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மெமோ உண்டு. அதனால் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி வரும்போதே போன் வந்துவிடும்.

"அக்கா, வந்துட்டேன். ஏழாம் நம்பர் காலியா இருக்கா?"

"ரயில்வே கேட் மணி அடிக்கிறது எனக்குக் கேக்குது. வந்துட்டியா, வந்துட்டே இருக்கியா?"

"இதோ வந்துட்டேன்க்கா!"

"வந்தப்புறம் சொல்லு."

நிலையத்தின் வாசலுக்குள் நுழைவது அவளுக்கு வருகை இல்லை. மேடையில் வந்து நிற்பதும் இல்லை. இன்ஜின் அணைய வேண்டும், கண்டக்டர் இறங்கி நடந்து வந்து ஜன்னல் வழியாக ட்ரிப் ஷீட்டை நீட்ட வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் 'வந்த நேரம்' என்ற கட்டத்தில் பேனா இறங்கும். கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு, பூ வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு சரியான நேரத்தை எழுதுவாள்.

இப்படி நேரத்தில் கறாரான ஒருத்திக்கு வாய்த்த கணவன் நேரமே இல்லாத ஒரு வேலைக்காரன். கப்பலில், இன்ஜின் அறையில், எண்ணெய் போட்டுத் துடைத்து மிஷினைக் கண் மூடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்காரர், வீட்டுக்காரர் என்று சொல்கிறோமே, அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனுக்குக் கப்பல்காரனைத் தெரிந்திருக்காது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களை அவள் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். தொழில் புத்தி. மூன்று வருஷம் நாலு மாதம் வந்தது. மறுபடியும் கூட்டினாள். நாலு நாள் குறைந்தது. அதற்குமேல் கூட்டவில்லை.

கல்யாணமான நாற்பதாம் நாள் அவர் கப்பல் ஏறினார். முதல் துறைமுகத்திலிருந்து போன் வந்தபோது இவளுக்கு அழுகைதான் வந்தது.

"அட, எதுக்கு அழற? இதோ வந்துட்டேன்."

"எப்போ?"

"ஒம்பதே மாசம்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. எந்தக் கடலிலிருந்து பேசினாலும் முடிக்கும்போது 'இதோ வந்துட்டேன்' என்பார். எட்டு மாதம் மீதி இருக்கும். 'வந்தப்புறம் சொல்லுங்க' என்று இவள் வைப்பாள். மகள் பிறந்தபோதும் அதையே சொன்னார், அவளுக்குப் பல் முளைத்தபோதும், அவள் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியபோதும். வந்தது ஒவ்வொன்றும் முடிந்த பிறகுதான்.

விடுப்பில் வீட்டுக்கு வந்தால் அமைதியில் அவருக்குத் தூக்கம் வராது. இன்ஜின் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய காது. அதற்காக ஒரு பழைய மேசை மின்விசிறியைத் தூக்கிப்போட விடாமல் வைத்திருந்தார். போட்டால் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் வரும், கடகடவென்று. "இது ஓடினாதான் கப்பல் போகுதுன்னு நிம்மதியா இருக்கு" என்பார். அவர் கிளம்பிப் போன பிறகு குளிர்காலத்தில்கூட அவள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து ஓட விடுவாள். காற்று வேண்டாம், சத்தம் போதும். மகள் போர்வையை இழுத்துக்கொண்டு திட்டுவாள். திட்டட்டும்.

கடைசி முறை போனபோது ஒரு முடிவோடு போனார். இந்த ஒப்பந்தத்தோடு கப்பலுக்கு முழுக்கு. ஊரில் குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் ஓர் ஆள் வேண்டுமென்று பேசிவைத்திருந்தார்கள்.

"இனிமே கரைதான். பாரு, என் மூஞ்சியப் பாத்துப் பாத்து நீ சலிச்சுப் போகப் போற."

"சலிக்கணும்னுதான் எனக்கும் ஆசை" என்றாள் அவள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் பார்த்துச் சலித்துப்போகிற அளவுக்கு அவர் பக்கத்திலேயே இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கணவன்மாரைப் பற்றி அலுத்துக்கொள்ளும்போது அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒன்பது மாதம் பத்தாகி, பத்து பதினொன்றாயிற்று. கடைசி வாரத்தில் அவருக்கு நெஞ்சில் வலி. கப்பலில் டாக்டர் கிடையாது. மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரி மாத்திரை கொடுத்தார். துறைமுகத்தில் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல், ஒப்பந்தம் முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியும். அவளிடம் "கேஸ் ட்ரபிள்" என்றிருந்தார்.

இரண்டு விமானம், கடைசியாக ஒரு பஸ். விமான நிலையத்தில் இறங்கிப் பேசினார்.

"நாலு இருபத்தஞ்சு வண்டியில வரேன். நீதானே மைக்ல இருப்ப? என் பேரச் சொல்லி வரவேற்கணும்."

"ஆபீஸ் மைக்கு அது. உங்க மாமியார் வீட்டு மைக்கா?"

"சரி, வண்டி நம்பரையாவது கொஞ்சம் ஆசையாச் சொல்லு."

அன்று அவள் காலையிலிருந்தே கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். மதியம் இரண்டு முறை தலை வாரினாள். நாலு பன்னிரண்டுக்குப் போனில் ஒரு வரி வந்தது. வேறொன்றும் இல்லை, ஒரே சொல்: வந்துட்டேன்.

யானைக்கும் அடி சறுக்கும். பதினைந்து வருஷமாக யார் சொல்லியும் எழுதாத கை அன்று எழுதியது. கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டாள்: ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பார், அங்கிருந்து எட்டு நிமிஷம், நாலு இருபது. நாலு பதின்மூன்றுக்கே 'வந்த நேரம்' என்ற கட்டத்தில் 4.20 என்று எழுதினாள். மைக்கை இழுத்து, வண்டி எண்ணை அவர் கேட்டபடியே ஆசையாகச் சொல்லி, "ஏழாவது மேடைக்கு வந்து சேர்ந்தது" என்றாள். அறையைப் பூட்டாமல்கூட இறங்கி ஓடினாள்.

ஏழாவது மேடை காலியாக இருந்தது. அறிவிப்பைக் கேட்டு மூட்டையோடு எழுந்து வந்த நாலைந்து பேர் அவளையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "என்னக்கா, வண்டி கண்ணுக்குத் தெரியாத வண்டியா?" என்று சுமை தூக்குகிறவர் ஒருவர் கேட்டார். அவள் சிரித்தாள். அவளுக்கு அன்று எதற்கும் சிரிப்பு வந்தது. நாலு இருபது ஆயிற்று, நாலரை ஆயிற்று. நாலு நாற்பதுக்குப் போன் வந்தது. அந்த வண்டியின் கண்டக்டர். நிலையத்தில் எல்லோரும் விசில் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு சத்தமாக ஊதுகிறவன்.

"அக்கா... வண்டி ஆஸ்பத்திரியில நிக்குது. நீங்க வாங்க."

பாலம் கண்ணுக்குத் தெரிந்ததுமே அவர் எழுந்து மேலே இருந்த பையை இறக்கிக்கொண்டாராம். "இதோ வந்துடுச்சு பாருங்க" என்று விசிலிடம் சொன்னாராம். பையை மடியில் வைத்து மறுபடியும் உட்கார்ந்தார், அப்படியே ஜன்னல் பக்கம் சாய்ந்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. டிரைவர் பாலத்தில் ஏறவே இல்லை, வண்டியை ஆஸ்பத்திரிக்குள் திருப்பிவிட்டார். நாலு முப்பத்தைந்துக்குப் பார்த்த டாக்டர், கொண்டு வரும்போதே உயிரில்லை என்று எழுதினார். பயணிகள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். போலீஸ் விசாரணைக்காக அந்த வண்டி மறுநாள் வரை அங்கேயே நின்றது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவளுக்குக் கைக்கே எட்டவில்லை. நாலு கிலோமீட்டர்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே விட்டுத்தான் வந்தார். கம்பெனி கருணை அடிப்படையில் ஏதோ கொடுக்கும், ஒரு கையெழுத்துப் போதும் என்றார். அவள் காகிதத்தைப் படித்தாள். 'பணி முடிந்து தமது ஊருக்குத் திரும்பிச் சேர்ந்த பின் இயற்கையாக மரணமடைந்தார்.'

"சேர்ந்த பின் இல்லைங்க. சேரல" என்றாள்.

"அது ஒரு வார்த்தைதானேம்மா."

"எனக்கு அதுதாங்க வேலை" என்றாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்தைப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கப்பல்காரர் சங்கத்தின் வக்கீலம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னார். ஒப்பந்தத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்: ஆளை எங்கிருந்து வேலைக்கு எடுத்தார்களோ அந்த ஊருக்குத் திரும்பிச் சேரும்வரை அவர் கம்பெனியின் பொறுப்பு.

"கப்பலை விட்டு எறங்கினதும் பொறுப்பு முடிஞ்சுதுன்னு அவங்க சொல்ல முடியாது. வழியில இருக்கிறவரைக்கும் அவர் அவங்க ஆளுதான். வந்து சேர்ந்துட்டாரா, சேரலையா, கேஸே அதுதான்மா. வேற எதுவும் இல்லை."

அவளுக்கு அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. வந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன், இதற்கு ஒரு கேஸா என்று நினைத்தாள். ஒரு வருஷம் கழித்துத் தொழிலாளர் நல அலுவலகத்தில் முதல் நாள் விசாரணைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

விசில் வந்து, வண்டி ஊருக்குள்ளேயே வரவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனது என்று சொன்னான். கம்பெனி வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாத ஆள். இரண்டு காகிதங்களை அதிகாரியின் மேசையில் வைத்தார். ஒன்று, இறந்தவரே நாலு பன்னிரண்டுக்கு அனுப்பிய செய்தி, வந்துட்டேன் என்று. இன்னொன்று, பேருந்து நிலையப் பதிவேட்டின் நகல். வந்த நேரம் 4.20. பக்கத்தில் கண்டக்டரின் கையெழுத்து.

"வண்டி நிலையத்துக்கு வந்திருக்கு. உயிரோட, ஊருக்குள்ள வந்து சேர்ந்திருக்காரு. அப்புறம்தான் உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. இது உங்க கையெழுத்து இல்லைங்களா?" என்று விசிலைக் கேட்டார்.

விசில் தன் கையெழுத்தைப் பார்த்தான், டைம் அக்காவைப் பார்த்தான். விசாரணையைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள்.

அந்தக் கையெழுத்து வந்த கதை இதுதான். அன்று மாலை நிலையத்தின் கண்ட்ரோலர் பதிவேட்டை மூட வந்தபோது, வராத வண்டிக்கு வந்ததாக நேரம் எழுதியிருப்பதைப் பார்த்தார். பொய்ப் பதிவு பெரிய குற்றம். புருஷனைப் பறிகொடுத்த அன்றைக்கே அவளுக்கு மெமோ கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து விசிலைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். விசிலும் ஏன் என்று கேட்காமல் போட்டான். நல்லது நினைத்துச் செய்ததுதான். நல்லது நினைத்துச் செய்வதில் இப்படி ஓர் ஆபத்து உண்டு.

இப்போது மூன்று பேரும் கண்ட்ரோலர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உண்மையச் சொன்னா உன் வேலைக்கு ஆபத்தும்மா" என்றார் கண்ட்ரோலர். "எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு எட்டு மாசம் இருக்கு, அதை விடு. பொண்ணு பத்தாவது படிக்குது. கேஸ் போச்சுன்னா போகட்டும், வேலையாவது நிக்கும். யோசிச்சுக்கோ."

"நீங்க யோசிக்காதீங்கக்கா, சொல்லிடுங்க" என்றான் விசில். "எனக்கென்ன, மெமோ புதுசா? நான் வாங்கின மெமோவையெல்லாம் ஒட்டினா ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கவே வேணாம்."

கண்ட்ரோலரும் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வேலைக்குப் பயந்தாள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அவள் மனதில் இருந்தது வேறு. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பதிவேடு இப்போது பழைய பதிவேடுகள் வைக்கும் அறையில் இருந்தது. ஒரு வருஷமாக அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாரத்துக்கு ஒரு முறையாவது, அங்கே போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். வண்டி எண், புறப்பட்ட ஊர், வரவேண்டிய நேரம் 4.25, வந்த நேரம் 4.20. ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் வரவில்லை. கம்பெனிக் காகிதத்தில் வந்தார், ஆனால் அது அவர்களுடைய வசதிக்காக எழுதியது. அவர் அவளுக்காக, அவளிடம் வந்து சேர்ந்ததாக உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது. அது அவள் கையெழுத்து. கேஸில் ஜெயிக்க வேண்டுமானால் அது பொய் என்று அவளே சொல்ல வேண்டும்.

பத்து நாளும் அந்த மின்விசிறியின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். ஒன்பதாம் நாள் மகள் கேட்டாள்.

"அம்மா, அப்பா வந்துட்டார்னு கோர்ட்ல சொன்னா நமக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அவர் வந்துட்டார்னு ஆகும்."

மகள், "ஆனா வரலையேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள்.

மறுநாள் விசாரணையில் கம்பெனி வக்கீல் அவளிடம்தான் முதலில் கேட்டார்.

"உங்க கணவர் அனுப்பின செய்தி இது. வந்துட்டேன். இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"வரலைன்னு அர்த்தம் சார்."

அறையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"விளையாட்டுக்குச் சொல்லல சார். பதினஞ்சு வருஷமா ஒரு நாளைக்கு முப்பது பேர் எனக்கு போன் பண்ணி வந்துட்டேன்னு சொல்றாங்க. ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க. வந்தவங்க யாரும் வந்துட்டேன்னு போன்ல சொல்ல மாட்டாங்க சார். எதிர்ல வந்து நிப்பாங்க."

"அது பஸ்காரங்க வழக்கம். உங்க கணவர் அப்படித்தான் சொல்வார்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது?"

அவள் போனை எடுத்தாள். அவர் குரலில் வந்த செய்தி எதையும் அவள் அழித்ததில்லை. அந்தக் கடைசி ஒப்பந்தத்தின் முதல் மாதத்தில் வந்த ஒன்றைப் போட்டு, தேதியை அதிகாரியிடம் காட்டினாள். முதலில் இன்ஜின் சத்தம் அறை முழுக்க வந்தது. பிறகு அவர் கத்திப் பேசுகிற குரல். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

"அழாத, கேட்டியா? பாப்பாகிட்டயும் சொல்லு. எண்ணி எட்டே மாசம். இதோ வந்துட்டேன்!"

அது முடிந்ததும் அதிகாரி தேதியைக் குறித்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அவள் அந்தக் குரலை இதுவரை வேறு யார் காதிலும் போட்டதில்லை. தன்னுடையது எதையோ ஊர் நடுவே வைத்துவிட்ட மாதிரி அவளுக்குக் கூச்சமாகவும் வேதனையாகவும் இருந்தது.

"செய்தியை விடுவோம்" என்றார் வக்கீல், கொஞ்சம் மெதுவாக. "பதிவேடு இருக்கே. வந்த நேரம் நாலு இருபது. இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என் கையெழுத்துதான் சார். பொய்யா எழுதினேன்."

சங்கத்து வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரி, "பாத்துப் பேசுங்கம்மா. இது உங்க வேலை சம்பந்தப்பட்டது" என்றார்.

"தெரியும் சார். நாலு பதிமூணுக்கு எழுதினேன். வண்டி வரல. எட்டு நிமிஷத்துல வந்துடும்னு கணக்குப் போட்டு எழுதிட்டேன். மைக்லயும் சொன்னேன், ஏழாம் மேடையில நின்னவங்களுக்குத் தெரியும். கண்டக்டர் கையெழுத்து ரெண்டு நாள் கழிச்சு எனக்காகப் போட்டது. அவங்க மேல தப்பு இல்ல."

"பதினஞ்சு வருஷத்துல ஒரு தப்புப் பதிவு இல்லைன்னு உங்க ஆபீஸ் ஃபைல் சொல்லுது. அன்னைக்கு மட்டும் ஏன்?"

"எல்லாரோட வண்டியையும் வந்ததும்தான் எழுதினேன் சார். எல்லாரோட வீட்டுக்காரங்களும் அதுல வந்து இறங்கினாங்க. என் வீட்டுக்காரர் வண்டியை ஒரு தடவை முன்னாடியே எழுதிப் பாக்கணும்னு இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் பொறுத்தேன். ஏழு நிமிஷம் பொறுக்க முடியல."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பை இழுத்தடித்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அவர் வழியில்தான் இறந்தார், வழியில் இருந்தவரை அவர் கம்பெனியின் ஆள், பொறுப்பு கம்பெனியுடையது என்று எழுதினார்கள். மகள் படிப்புக்கு வழி பிறந்தது. அவளுக்கு ஒரு சம்பள உயர்வு வெட்டு, ஆறு மாதம் மைக் அறையிலிருந்து மாற்றம். விசிலுக்கு இன்னொரு மெமோ, ஒட்டுவதற்கு இடம் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கண்ட்ரோலருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. வாயால் சொன்னது போதாது, பதிவேட்டை முறைப்படி திருத்தி, திருத்திய நகலைத் தர வேண்டும் என்று அதிகாரி கேட்டிருந்தார்.

ஒரு மதியம் கண்ட்ரோலர் அந்தப் பதிவேட்டைத் தன் மேசையில் விரித்துவைத்தார். விசிலும் வந்து சுவரோரம் நின்றான். திருத்துவதற்கு முறை உண்டு. அழிக்கக் கூடாது, மேலே மேலே எழுதக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழையது தெரிகிற மாதிரி சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே சுருக்கக் கையெழுத்து. இதை வேலைக்குச் சேரும் புதியவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த 4.20ஐ அவள் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவசரத்தில், சந்தோஷத்தில் எழுதியது. அவள் எழுத்து எப்போதும் சாயாது.

"நான் வேணும்னா அடிச்சுடட்டுமா?" என்றார் கண்ட்ரோலர்.

"வேண்டாம் சார். எழுதினவங்கதான் அடிக்கணும்."

கோடு போட்டாள். நேராக விழுந்தது. பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எழுந்திருக்கப் போனவளைக் கண்ட்ரோலர் தயங்கித் தயங்கி நிறுத்தினார். வராத வண்டிக்குக் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அவளுக்குத் தெரியாததா? எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். டயர் வெடிப்பு. மழை. சாலை மறியல். மறுபடியும் உட்கார்ந்து எழுதினாள்.

'பயணி ஒருவர் வழியில் இறந்தார்.'

கண்ட்ரோலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பயணி ஒருவர்னு ஏம்மா? உன் வீட்டுக்காரர் பேரையே எழுதலாமே. நான் ஒத்துக்கறேன்."

"இதுல வராதவங்க பேரை எழுதற வழக்கம் இல்ல சார்" என்றாள்.

விசில் வந்து தன் பழைய கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினான். வெளியே ஏதோ ஒரு வண்டி மேடைக்கு வந்து இன்ஜினை அணைத்தது. புதிதாக மைக்கில் உட்கார்ந்திருந்த பெண் அவசரப்படாமல், கண்டக்டர் ஜன்னலுக்கு வரும்வரை பொறுத்து, பிறகு அறிவித்தாள். டைம் அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். மை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் காயவில்லை. காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.